மிகையுண்ணலை வெல்லுதல்: கிறிஸ்தவத் துறவு மரபின் பார்வை

மனிதரை அடிமைப்படுத்தும் பழக்கங்களில் பலவற்றை அடியோடு விட்டுவிட முடியும். குடியை நிறுத்தியவர் அதன்பின் ஒரு துளியும் அருந்தாமல் வாழலாம். சூதாட்டத்தைக் கைவிட்டவர் அந்த இடத்தின் பக்கமே போகாமல் இருந்துவிடலாம். உணவு அப்படிப்பட்டதன்று. அளவுமீறி உண்ணும் பழக்கத்தில் சிக்கியவர், தம்மை வீழ்த்திய அதே பொருளை மறுநாள் காலையிலும் கையில் எடுத்தே ஆகவேண்டும். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயரான அகுஸ்தினார், ஏறத்தாழ 397க்கும் 400க்கும் இடையில் தம் வாழ்வைக் கடவுள்முன் அறிக்கையிட்டு எழுதிய நூலின் பத்தாம் பகுதியில், இந்தச் சிக்கலை மிகக் கூர்மையாக ஆராய்ந்திருக்கிறார். உணவை மருந்தைப்போல் உட்கொள்ளவேண்டும் என்பதை அவர் ஏற்கிறார். ஆயினும் பசியிலிருந்து நிறைவுக்குச் செல்லும் பாதையே இன்பம் தருவதாக இருப்பதால், கேட்பது உடலின் தேவையா அல்லது தேவையின் பெயரால் பேசும் ஆசையா என்பது பல வேளைகளில் விளங்குவதில்லை என்றும், அந்த விளங்காமையையே மனம் ஒரு சாக்காகப் பற்றிக்கொள்கிறது என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார்.

கிறிஸ்தவ மரபு இந்தப் பழக்கத்தைப் பெருந்தீனி என்றும் போசனப்பிரியம் என்றும் அழைத்து, தலையான பாவங்கள் ஏழனுள் ஒன்றாக எண்ணிவந்துள்ளது. பாவம் என்ற இந்தப் பெயரிடலே பலருக்கு மீட்சியின் கதவாக அமையாமல் வெட்கத்தின் சுவராக அமைந்துவிட்டது. அளவுமீறி உண்டவர் குற்றவுணர்வால் குன்றி, அடுத்த நாள் கடும் பட்டினி கிடந்து, அந்தப் பட்டினி தாளாமல் மீண்டும் அளவுமீறி உண்டு, முன்னிலும் ஆழமான குற்றவுணர்வில் விழுகிறார். இந்தச் சுழற்சியைப் பக்தி என்று கருதுவது தவறு. இந்தப் பாவத்தை முதன்முதலில் முறையாக ஆராய்ந்த துறவியர், வெட்கத்தையும் வரம்பற்ற பட்டினியையும் மருந்தாகப் பரிந்துரைக்கவில்லை. வேளை, அளவு, விழிப்பு, கூட்டுவாழ்வு, பகிர்வு ஆகிய ஐந்துமே அவர்கள் காட்டிய வழி என்பதும், அந்த வழியின் முக்கியக் கூறுகளை இன்றைய உளவியலும் மருத்துவமும் வேறு திசையிலிருந்து வந்தடைந்திருக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

திருமறையில் உணவும் மிகையும்

விவிலியம் உணவைச் சந்தேகத்தோடு பார்க்கும் நூலன்று. படைப்பின் தொடக்கத்திலேயே உணவு கடவுளின் கொடையாகத் தரப்படுகிறது. நற்செய்திகளில் இயேசு கலியாண வீட்டிலும் வரி வசூலிப்போரின் பந்தியிலும் அமர்கிறார். அதற்காகவே அவருடைய எதிரிகள் அவரைப் போசனப்பிரியன் என்று தூற்றியதை மத்தேயு பதினோராம் அதிகாரம் பதிவுசெய்கிறது. உயிர்த்தெழுந்தபின் எம்மாவூரில் அவர் அப்பத்தைப் பிட்டுக்கொடுக்கும்போதுதான் சீடர்கள் அவரை அடையாளம் கண்டுகொள்கிறார்கள். சில உணவுகளை விலக்கும்படி கட்டளையிடுவோரைத் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபம் கண்டித்து, நன்றியோடு ஏற்கப்படும் எதுவும் தள்ளத்தக்கதன்று என்று வாதிடுகிறது.

ஆனால் மிகையைப் பற்றிய எச்சரிக்கையும் அதே நூலில் தெளிவாக உண்டு. யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தில் வனாந்தரத்தில் பொழிந்த மன்னாவை ஆளுக்கு ஓர் ஓமர் அளவு, அன்றன்றைக்கு மட்டுமே சேர்க்கவேண்டும் என்பது கட்டளை. நாளைக்கு இல்லாமல் போய்விடுமோ என்று அஞ்சி மீத்துவைத்தவர்களின் பங்கு புழுத்து நாறியது. எண்ணாகமம் பதினோராம் அதிகாரத்தில், எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் நினைத்து அழுத மக்கள் காடைகளை வாரிக் குவித்ததும், வாதையால் மாண்டதும் சொல்லப்படுகின்றன. முன்னதில் மிகைக்குக் காரணம் அச்சம். பின்னதில் காரணம், கிடைத்திருப்பதை வெறுத்து இழந்ததற்கு ஏங்கும் மனம். எசேக்கியேல் பதினாறாம் அதிகாரமோ சோதோம் நகரின் அக்கிரமத்தை விவரிக்கையில், வயிறு நிறைந்த வாழ்வையும் ஏழைக்குக் கைகொடாமையையும் ஒன்றாக இணைக்கிறது. கொரிந்து சபையின் பந்தியில் ஒருவர் பசித்திருக்க மற்றொருவர் வெறித்திருந்ததைப் பவுல் கண்டித்ததும் இதே காரணத்தால்தான். ஒருவர் எவ்வளவு உண்டார் என்பதோடு, யாரை மறந்து உண்டார் என்பதும் விவிலியத்தின் கேள்வி.

இவற்றோடு, அதிகம் பேசப்படாத மற்றொரு பகுதியும் சேர்த்துப் படிக்கத்தக்கது. கொலோசெயர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், தொடாதே, ருசிபாராதே என்னும் வகையிலான மனிதக் கட்டளைகளும் உடலை வருத்தும் ஒடுக்கமும் ஞானம்போல் தோன்றினாலும், ஆசையை அடக்க உதவுவதில்லை என்று வெளிப்படையாகவே கூறுகிறது. வெறும் தடை, தடுக்கப்பட்ட பொருளின்மீதே மனத்தை நிலைநிறுத்திவிடும் என்ற அறிவு இங்கே அடங்கியிருக்கிறது. ஆகவேதான் பவுல் தன்னடக்கத்தைக் கலாத்தியர் நிருபத்தில் ஆவியின் கனிகளுள் ஒன்றாகச் சொல்கிறார். மனிதர் தம் பற்களைக் கடித்துக்கொண்டு தனியே நிகழ்த்தும் சாதனையாக அதை அவர் காட்டவில்லை.

பாலைவனம் கற்பித்த பாடம்

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனங்களுக்குச் சென்ற துறவியர், தங்கள் உள்ளத்தில் எழும் எண்ணங்களையே ஆய்வுப்பொருளாக்கிக்கொண்டார்கள். அவர்களுள் முதன்மையானவர் பொந்துப் பகுதியில் பிறந்த எவாக்ரியுஸ். கொன்ஸ்தாந்திநோபிளில் திருத்தொண்டராகப் புகழ்பெற்றிருந்த அவர், அதைத் துறந்து எகிப்தின் நித்ரியாவிலும் பின்னர் கெல்லியாவிலும் வாழ்ந்து 399இல் இறந்தார். மனிதரை அலைக்கழிக்கும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்து, அவற்றின் வரிசையில் பெருந்தீனியை முதலில் வைத்தவர் அவரே.

பெருந்தீனியை அவர் விவரிக்கும் விதம் வியப்பூட்டுவது. விருந்தையோ சுவையான பண்டத்தையோ அவர் பேசவில்லை. இந்த எண்ணம் துறவியிடம் வந்து, உன் நோன்பு விரைவில் தோற்றுவிடும் என்று சொல்கிறது. வயிறும் ஈரலும் மண்ணீரலும் கெட்டு நீண்ட நோயில் கிடப்பாய், தேவையானவை கிடைக்கமாட்டா, மருத்துவரும் இருக்கமாட்டார் என்று அச்சுறுத்துகிறது. அதாவது, அவருடைய பார்வையில் பெருந்தீனியின் வேர் நாக்கின் சுவையில் மட்டும் இல்லை; போதாமல் போய்விடுமோ என்ற கவலையிலும் இருக்கிறது. மன்னாவைப் பதுக்கியவர்களின் அச்சமும் இதுவே. இன்று மனச்சோர்வாலும் தனிமையாலும் பதற்றத்தாலும் உணவை நாடுவோரின் அனுபவம் இந்த விளக்கத்தோடு மிக நெருங்கி நிற்கிறது.

எவாக்ரியுஸ் தரும் அறிவுரைகளில் இரண்டு இங்கு முக்கியமானவை. எண்ணங்கள் வருவதும் வராமல் இருப்பதும் மனிதரின் ஆளுகையில் இல்லை. அவை உள்ளே தங்கிவிடுவதும் தங்காமல் போவதுமே மனிதரின் ஆளுகையில் உள்ளன என்பது முதலாவது. உணவைப் பற்றிய ஆசை எழுந்ததற்காகவே தம்மைக் குற்றவாளியாகக் கருதும் மனச்சான்றுக்கு இது பெரும் விடுதலை. எந்த எண்ணம் எப்போது எழுகிறது, எதைத் தொடர்ந்து எழுகிறது, எப்போது தணிகிறது என்பதைக் கூர்ந்து கவனித்துவரவேண்டும் என்பது இரண்டாவது. நோன்பும் விழிப்பும் சங்கீதம் பாடுதலும் உரிய வேளையில், உரிய அளவில் செய்யப்படவேண்டும். வேளையும் அளவும் தவறியவை நிலைப்பதில்லை, நன்மையைவிடத் தீங்கே செய்யும் என்றும் அவர் எழுதினார். அவருடைய சீடரான பல்லாதியுஸ், கடுமையான உணவுமுறையால் எவாக்ரியுஸின் வயிறே பாதிக்கப்பட்டு, இறுதிக் காலத்தில் அவர் சமைத்த உணவுக்கு மாறவேண்டியிருந்ததைப் பதிவுசெய்திருக்கிறார்.

எகிப்தில் கற்றதை இலத்தீன் உலகுக்குக் கொண்டுசென்றவர் யோவான் காசியான். ஏறத்தாழ 415இல் மார்செய் நகரில் துறவுமடங்களை நிறுவிய அவர், துறவு வாழ்வின் ஒழுங்குகள் பற்றிய தம் நூலின் ஐந்தாம் பகுதி முழுவதையும் பெருந்தீனிக்கே ஒதுக்கினார். உரிய வேளைக்குமுன் உண்ணுதல், எதுவாயினும் வயிறு புடைக்க உண்ணுதல், சுவையானதையே தேடி உண்ணுதல் என அதை மூன்றாக வகுத்த அவர், நோன்புக்கு எல்லாருக்கும் பொதுவான ஒரே அளவு இருக்கமுடியாது என்று உறுதியாகச் சொன்னார். வயதும் உடல்வலுவும் நோயும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒருவருக்கு மிகையாவது மற்றவருக்குக் குறைவாக இருக்கும். பல நாள் பட்டினி கிடந்து பின் வயிறு நிறைய உண்பதைவிட, நாள்தோறும் அளவாக ஒருமுறை உண்பதே மேலானது என்பது அவருடைய தீர்ப்பு. தம் உரையாடல் நூலில் அப்பா மோசே என்னும் மூத்த துறவியின் வாயிலாக அவர் சொல்லவைப்பது இன்னும் ஆழமானது: மிகையான நோன்பும் பெருந்தீனியும் ஒரே முடிவில் சென்று சேர்கின்றன.

அளவை அளக்கும் ஐந்து கேள்விகள்

590 முதல் 604 வரை உரோமை ஆயராக இருந்த பெரிய கிரகோரியார், எவாக்ரியுஸின் எட்டு எண்ணங்களை மறுவகைப்படுத்தி, செருக்கை அனைத்துக்கும் வேராக்கி, அதிலிருந்து கிளைக்கும் ஏழு தலையான பாவங்களின் பட்டியலைத் தந்தார். யோபு நூலுக்கு அவர் எழுதிய விரிவான விளக்கத்தில், பெருந்தீனி மனிதரை ஐந்து வழிகளில் தாக்குகிறது என்கிறார்: வேளைக்குமுன் உண்பது, விலையுயர்ந்ததைத் தேடுவது, பக்குவத்தில் அளவுகடந்த நுணுக்கம் காட்டுவது, அளவில் மிகுவது, ஆவேசத்தோடு உண்பது. ஏசா தன் தலைமகனுரிமையை இழந்தது விருந்துக்காக அன்று, வெறும் பயற்றங்கூழுக்காக. எலியாவோ இறைச்சி உண்டும் குற்றமற்றவராக இருந்தார். ஆகவே குறை உணவில் இல்லை, ஆசையின் ஒழுங்கின்மையில் உள்ளது என்பது அவர் வாதம். இந்த ஐந்து வழிகளில் ஒன்று மட்டுமே அளவைப் பற்றியது என்பது கவனிக்கத்தக்கது. மெலிந்த உடல் உடையவரும் மற்ற நான்கு வழிகளில் பெருந்தீனிக்கு ஆட்படலாம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறையியலாளர் தோமா அக்குவினா இதை மேலும் நுட்பமாக்கினார். தேவையென்று எண்ணி அளவுக்கு மேல் உண்டவர் பெருந்தீனிக்காரர் அல்லர். அது அனுபவக் குறைவு மட்டுமே. மிகை என்று தெரிந்தும் இன்பத்துக்காகவே அளவைக் கடப்பதுதான் பெருந்தீனி. அதேவேளையில், உடல்நலத்துக்கு வேண்டிய இயல்பான இன்பங்களையும் மறுத்துத் தள்ளுவது ஒரு குறை என்றும் அவர் கருதினார். உடலின் எடையோ இலையில் மீந்ததோ அவருடைய அளவுகோல் அன்று. அறிவும் விருப்பமும் எங்கே நிற்கின்றன என்பதே அவருடைய கேள்வி.

பாவமா, நோயா?

உடலின் எடைக்கும் ஆசையின் ஒழுங்கின்மைக்கும் இடையிலான இந்த வேறுபாட்டை மறந்ததால் நேர்ந்த தீங்கு பெரிது. 1957இல் அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் போதகர் சார்லி ஷெட், ஜெபத்தால் எடையைக் குறைப்பது பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அதைத் தொடர்ந்து அந்நாட்டின் புராட்டஸ்டண்ட் சபைகளிடையே பக்தியை உடல் மெலிவோடு இணைக்கும் நூல்களும் வகுப்புகளும் பெருகின. உடல் பருமனையே பாவத்தின் புற அடையாளமாகக் காணும் போக்கு இவற்றில் பலவற்றில் இழையோடியது. கிரகோரியாரிடமோ அக்குவினாவிடமோ இந்தப் போக்குக்கு ஆதரவு கிடைக்காது. உடலின் எடை மரபணு, சுரப்பிகளின் செயல்பாடு, மருந்துகள், உறக்கம், வறுமை ஆகிய பலவற்றால் உருவாவது. கொழுப்புத் திசுவிலிருந்து சுரந்து மூளைக்கு நிறைவைத் தெரிவிக்கும் லெப்டின் 1994இலும், இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் 1999இலும் கண்டறியப்பட்டபின், பசியை வெறும் மனவுறுதியின் விவகாரமாகப் பேசுவதற்கு இடமில்லாமல் போயிற்று.

அளவுமீறி உண்பவர்களுள் ஒரு பிரிவினர் நோயுற்றவர்கள் என்பதும் ஏற்கப்படவேண்டும். குறுகிய நேரத்துக்குள் பெருமளவு உண்பதும், அப்போது நிறுத்தமுடியவில்லை என்ற உணர்வு மேலிடுவதும், பசியின்றியும் உண்பதும், வெட்கத்தால் மறைவாக உண்பதும், பின்னர் தம்மையே அருவருப்பதும் மிகையுண்ணல் நோயின் குறிகள். 1959இல் மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கர்ட் விவரித்த இந்நிலையை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட தன் நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. சராசரியாக வாரம் ஒருமுறையேனும் மூன்று மாதங்களுக்கு இது நிகழ்வது அதன் அளவுகோல். இத்தகையோரிடம் மனந்திரும்பு என்று மட்டும் சொல்வது, அவர்கள் ஏற்கெனவே தம்மீது சுமத்திக்கொண்ட தண்டனையை இருமடங்காக்குவதாகும்.

சூழலின் பங்கையும் ஒதுக்கமுடியாது. 2019இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து, ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவை இரண்டு வாரமும், பதப்படுத்தல் குறைந்த உணவை இரண்டு வாரமும் விரும்பிய அளவு உண்ணக் கொடுத்தார்கள். பரிமாறப்பட்ட கலோரியும் சர்க்கரையும் கொழுப்பும் நாரும் இரண்டிலும் ஒத்திருந்தும், முதல்வகை உணவின்போது அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். தனிமனிதரின் ஆசையை மட்டும் கண்டித்து, அந்த ஆசையைத் தூண்டியே ஆதாயம் காணும் வணிகத்தைப் பற்றி மௌனம் காக்கும் பிரசங்கம், சோதோமைப் பற்றிய எசேக்கியேலின் குற்றச்சாட்டைப் பாதி மட்டுமே கேட்டதாகும்.

பட்டினி கற்பித்தது

மிகையான நோன்பும் பெருந்தீனியும் ஒரே முடிவில் சேரும் என்ற பாலைவன அறிவுக்கு, இருபதாம் நூற்றாண்டில் எதிர்பாராத சான்று ஒன்று கிடைத்தது. 1944 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் அறிஞர் ஆன்செல் கீஸ், போரால் பட்டினியில் வாடிய ஐரோப்பிய மக்களுக்கு எவ்வாறு மறுவாழ்வு தருவது என்பதை அறிய ஓர் ஆய்வைத் தொடங்கினார். அதற்குத் தம் உடலையே ஒப்புக்கொடுத்தவர்கள், மனச்சான்றின் அடிப்படையில் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள். அவர்களுள் பலர் பிரெத்ரன், குவேக்கர், மென்னோனைட் ஆகிய கிறிஸ்தவ சமாதான சபைகளைச் சேர்ந்தவர்கள்.

இருபத்துநான்கு வாரங்கள் ஏறத்தாழ பாதியளவு உணவில் வாழ்ந்து, உடல் எடையில் நான்கில் ஒரு பங்கை அவர்கள் இழந்தார்கள். பிறர்நலனுக்காக முன்வந்த அந்த இளைஞர்கள், நாள் முழுவதும் உணவைப் பற்றியே சிந்தித்தார்கள். சமையல் நூல்களைச் சேகரித்தார்கள். எரிச்சலும் சோர்வும் அடைந்தார்கள். சிலர் கட்டுப்பாட்டை மீறி உண்டுவிட்டு வேதனைப்பட்டார்கள். ஆய்வு முடிந்தபின் பலர் மிகப் பெரிய அளவில் உண்டும் நிறைவடையவில்லை. அவர்களுடைய நல்லொழுக்கத்தில் குறையில்லை. பசித்த உடல் தன் உரிமையைக் கேட்டது, அவ்வளவே. 1975இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மாக்கும் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டியது: எப்போதும் உணவைக் கட்டுப்படுத்தி வாழ்பவர்கள், கொழுப்பு மிகுந்த பால்பானம் ஒன்றை அருந்தவைக்கப்பட்டபின், அதை அருந்தாத அத்தகையோரைவிட அதிகமாக ஐஸ்கிரீம் உண்டார்கள். விதி உடைந்துவிட்டது என்ற எண்ணமே எஞ்சிய கட்டுப்பாட்டையும் கரைத்துவிடுகிறது.

மீட்சியின் வழிகள்

இவற்றையெல்லாம் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, மரபு காட்டும் வழி தெளிவாகிறது. முதலாவது, ஒழுங்கான வேளையும் அளவும். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய துறவு ஒழுங்கு, உணவுவேளைகளை ஆண்டின் பருவங்களுக்கேற்ப வரையறுத்து, நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் அப்பமும், ஒன்றை உண்ண இயலாதவர் மற்றொன்றை உண்ணும்படி இருவகைச் சமைத்த உணவும் தருகிறது; வேலை கடினமான நாளில் கூட்டித் தரவும் மடத்தலைவருக்கு இடமளிக்கிறது. இன்று மிகையுண்ணல் நோய்க்குத் தரப்படும் நடத்தைச் சிகிச்சையும், வேளை தவறாமல் உண்பதையே தன் முதற்படியாக வைத்திருக்கிறது. கடும்பசி வரும்வரை காத்திருப்பவரால் அளவைக் காப்பது அரிது.

இரண்டாவது, எண்ணத்தைக் கவனித்தல். என்ன உண்டோம், எந்த வேளையில், எந்த மனநிலையில் என்பதைக் குறித்துவைக்கும்படி சிகிச்சையாளர்கள் கேட்பது, எவாக்ரியுஸ் துறவியருக்குச் சொன்ன உள்நோக்கின் மறுவடிவமே. கவலையால் எழுந்த உண்ணும் வேட்கையை உணவால் தணிக்கமுடியாது; கவலையைக் கவலையாக அறிந்து, ஜெபத்திலும் நம்பத்தக்கவரிடமும் சொல்வதே அதற்குரிய மருந்து. சாவை வேண்டிச் சூரைச்செடியின்கீழ்ச் சுருண்டு கிடந்த எலியாவைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. உறங்கவிட்டு, எழுப்பி, அப்பமும் தண்ணீரும் தந்து, மீண்டும் உறங்கவிட்டான். களைத்த உடலுக்கு ஓய்வும், வெறுமையான மனத்துக்குத் துணையும் தேவைப்படும் இடத்தில் கண்டனம் பயன்படாது.

மூன்றாவது, கூட்டுவாழ்வு. மிகையுண்ணல் பெரும்பாலும் மறைவில் நிகழ்வதால், ஒளிவுமறைவற்ற பந்தி அதற்கு எதிர்மருந்தாகிறது. பெனடிக்டின் ஒழுங்கில் துறவியர் முறைவைத்து ஒருவருக்கொருவர் சமையற்கூடத்தில் பணிசெய்கிறார்கள்; தவக்காலத்தில் கூடுதலாக நோன்பிருக்க விரும்புகிறவர் அதை மடத்தலைவரிடம் சொல்லி, அவர் ஒப்புதலோடுதான் செய்யவேண்டும், இல்லையேல் அது வீண்பெருமையாகக் கருதப்படும். 1960இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ் என்னும் தன்னுதவிக் குழுவும், குடிநோயாளிகளின் குழுவிடமிருந்து பன்னிரு படிகளைப் பெற்று, தன் வலுவின்மையை ஒப்புக்கொள்வதையும் பிறர்முன் உண்மை பேசுவதையும் அடிப்படையாக்கியது. குடிநோயாளிகளின் அந்தக் குழு ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் தாக்கத்தில் 1935இல் பிறந்தது.

நான்காவது, பகிர்வோடு இணைந்த நோன்பு. ஏசாயா ஐம்பத்தெட்டாம் அதிகாரம் பசித்தவருக்கு அப்பத்தைப் பகிர்வதையே கடவுள் விரும்பும் உபவாசமாகக் காட்டுகிறது. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட எர்மாவின் 'மேய்ப்பர்' நூல், நோன்பு நாளில் மிச்சமாகும் உணவின் விலையைக் கணக்கிட்டுக் கைம்பெண்ணுக்கோ அனாதைக்கோ வறியவருக்கோ கொடுக்கும்படி பணிக்கிறது. மிசோரமின் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல், சமைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி அரிசியை இறைப்பணிக்கென எடுத்துவைத்துவருவது இதே உணர்வின் தொடர்ச்சி. தமிழகத்தின் தென்மாவட்டச் சபைகளில் ஊர்கூடி உண்ணும் அசனத்துக்கும் இந்தப் பொருளை முழுமையாக மீட்டுத்தர முடியும். பந்தியில் யார் இல்லை என்ற கேள்வி அங்கே எழுமானால், எவ்வளவு உண்பது என்ற கேள்விக்கும் விடை எளிதாகும். தன் எடையைக் குறைப்பதற்காக மட்டும் இருக்கும் நோன்பு மனத்தை மீண்டும் தன்மீதே திருப்புகிறது. பிறர் பசியை நினைந்து இருக்கும் நோன்போ அதை வெளியே திருப்புகிறது.

சபைகளின் பொறுப்பு

இந்த மரபைக் கையில் வைத்திருக்கும் சபைகள் செய்யவேண்டியவை தெளிவானவை. உடல் பருமனைக் கொண்டு ஒருவரின் பக்தியை அளக்கும் பேச்சு பிரசங்கமேடையிலும் பந்தியிலும் நிற்கவேண்டும். லெந்து நாட்களிலும் உபவாசக் கூட்டங்களிலும், நீரிழிவு நோயாளிகள், கருவுற்ற பெண்கள், மிகையுண்ணல் நோயும் உணவு மறுப்பு நோயும் உள்ளவர்கள் மருத்துவ ஆலோசனையின்றிப் பட்டினி கிடக்கக்கூடாது என்று வெளிப்படையாக அறிவிக்கவேண்டும். அவர்கள் வேறு எதையேனும் ஒறுத்து நோன்பை நிறைவேற்றலாம். மறைவில் உண்டு மனம்நொந்து போதகரிடம் வருபவரை மருத்துவரிடமும் உளவியல் ஆலோசகரிடமும் அனுப்புவது விசுவாசக் குறைவாகாது. உடலையும் மனத்தையும் படைத்தவரின் கருணைக்கு அதுவும் ஒரு வாய்க்கால்.

மீண்டும் மீண்டும் விழுபவர் அறியவேண்டியதும் ஒன்றுண்டு. ஒருவேளை அளவு தவறிய உணவு அந்த நாள் முழுவதையும் கெடுத்துவிடாது. அதை ஈடுகட்ட அடுத்த வேளையைத் தவிர்ப்பதே அடுத்த வீழ்ச்சிக்கு வழியாகிறது. அடுத்த வேளை உணவை உரிய நேரத்தில், நன்றியோடு, முடிந்தால் பிறரோடு அமர்ந்து, அளவாக உண்பதே மனந்திரும்புதலின் செயல்வடிவம். கிறிஸ்தவத் துறவியர் பதினாறு நூற்றாண்டுகளுக்குமுன் காட்டியதும் இவ்வழியே. இன்றும் நடக்கத்தக்க வழி இதுவே.